பன்னிரண்டு மஞ்சள் கரு

சித்தியின் பேத்தி ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கிய அன்று, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டு மேசையில் ஒரு தகரப் பெட்டி திறந்தது. உள்ளே வட்டம் வட்டமாக பிஸ்கட். ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை ஐசிங், அதன்மேல் பழுப்பு நிறத்தில் ஒரு சிட்டிகைத் தூவல். “எக்நொக் குக்கி, அம்மம்மா. நத்தாருக்கு அங்க வீட்டுக்கு வீடு செய்யிறது” என்றாள் பிள்ளை. சித்திக்கு எழுபத்தெட்டு வயது. எந்தப் பண்டத்தையும் எடுத்தவுடன் வாயில் வைக்கமாட்டார். முதலில் மூக்கருகே கொண்டுபோவார். கொண்டுபோனார், கண்ணை மூடினார், சொன்னார்: “இது முட்டைக்கோப்பியெல்லோ!”

மூக்கு பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சலிலிருந்து எழும்பினவருக்கும் கொடுக்கிற முட்டைக்கோப்பியை நினைத்துப் பாருங்கள். முட்டையைச் சீனியோடு சேர்த்து, பச்சை வாடை போய் நுரை கட்டும்வரை அடித்து, கொதிக்கும் கோப்பியை நூலாக ஊற்றி, பெரியவர்களுக்கென்றால் கொஞ்சம் பிராண்டியும் விடுவார்கள். எக்நொக்கும் இதே சாதிதான். மஞ்சள் கரு, சீனி, பால், கிரீம், றம் அல்லது பிராண்டி, மேலே துருவிய சாதிக்காய். இங்கிலாந்துக் குளிரில் பிறந்து, அமெரிக்கா போய் நத்தார்ப் பானமானது. அந்தப் பானத்தை மாவில் பிசைந்து சுட்டால் இந்தப் பிஸ்கட். பானத்தின் நுரைக்குப் பதிலாக மேலே ஐசிங்.

“எத்தனை நாளைக்கு வைக்கலாம், பிள்ளை?” என்று கேட்டார் சித்தி. “மூண்டு நாலு நாள். புதுசாச் சாப்பிட்டாத்தான் நல்லம்.” சித்தி ஒன்றும் பேசாமல் எழுந்து அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து தகரப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். “இது நவம்பர் பதினைஞ்சாந் திகதி சுட்டது. நத்தாருக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. ஒருத்தரும் தொடக்கூடாது.” மேசையில் இரண்டும் அருகருகே இருந்தன. இரண்டிலும் மஞ்சள் கரு, இரண்டிலும் சாதிக்காய், இரண்டிலும் மதுவின் வாசனை. ஒன்று சுட்ட சூடு ஆறுமுன் தன் அழகின் உச்சத்துக்குப் போய்விடும். கொழும்புப் புழுக்கத்தில் அதன் ஐசிங் இரண்டாம் நாளே வியர்க்கத் தொடங்கும். மற்றது காத்திருப்பதையே தொழிலாகக் கொண்டது.

கொழும்பில் அதற்குப் பெயர் ரிச் கேக். நத்தார்க் கேக் என்றாலும் அதுதான், கலியாணக் கேக் என்றாலும் அதுதான். பார்வைக்கு ஒன்றுமில்லை. கறுப்புக்கும் பழுப்புக்கும் நடுவில் ஒரு நிறம், நெருப்புப் பெட்டி அளவில் ஒரு துண்டு. பொங்கி எழும்பிய மென்மையை எதிர்பார்த்துக் கடிப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இதில் கோதுமை மா கிடையாது, ரவைதான். சித்தியின் கணக்கு இறாத்தலில்தான் வரும்: ரவை அரை இறாத்தல், பட்டர் முக்கால், சீனி ஒன்று, மஞ்சள் கரு பன்னிரண்டு, வெள்ளைக் கரு ஆறு. இவற்றைப் போல இரண்டு மடங்கு, நாலரை இறாத்தலுக்குக் குறையாமல், பழமும் பருப்பும் பாகில் ஊறிய வத்தலும். அதாவது இது பழம் போட்ட கேக் அல்ல. பழத்தைக் கட்டிப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் கேக் போட்ட பழம்.

இந்தப் பண்டத்தின் பூர்வீகத்தை அறியக் கல்வெட்டுத் தேடவேண்டியதில்லை, நம் நாக்கைத் தேடினால் போதும். இந்தியத் தமிழர் கிறிஸ்துமஸ் என்பதை நாம் நத்தார் என்கிறோம், போர்த்துக்கேயரின் ‘நத்தால்’. நாம் வாங்குகிற பாணும், அதைச் சுடுகிற போறணையும், கிழவிகள் இன்னும் சொல்கிற விசுக்கோத்தும் அவர்கள் விட்டுப்போன சொற்கள். கேக்குக்குள் போடுகிற நீற்றுப்பூசணிப் பாகுக்குச் சிங்களவர் புஹுல் தோசி என்பார்கள். அந்தத் தோசியும் போர்த்துக்கேயத்தில் இனிப்பைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்ததுதான். 1505இல் கரையேறியவர்கள் 1656இல் கொழும்பை ஒல்லாந்தரிடம் பறிகொடுத்துவிட்டுப் போனார்கள். கோட்டை போனது, சமையலறை போகவில்லை.

ஒல்லாந்தர் விட்டுப்போனதற்குக் கொட்டாஞ்சேனை மேட்டிலேயே சாட்சி உண்டு. 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம், ஐந்தடித் தடிப்புச் சுவரோடு இன்றும் நிற்கிறது. அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தார்க் காலையில் புளிக்கவைத்துச் சுட்ட புரூடர் என்ற கேக்கைப் பட்டரும் சிவப்புத்தோல் ஏடம் சீஸும் வைத்துச் சாப்பிடுவது வழக்கம். 1796க்குப் பிறகு வந்த ஆங்கிலேயர் தங்கள் பிளம் கேக்கைக் கொண்டுவந்தார்கள். ஊர் அதை வாங்கிக்கொண்டு, கறுவாவும் கராம்பும் ஏலமும் கஜுவும் பன்னீரும் சேர்த்துத் தன்னுடையதாக்கிவிட்டது. 1929இல் ஹில்டா டொய்ட்ரம் தொகுத்து லேக் ஹவுஸ் வெளியிட்ட ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ இந்தச் சமையலை அச்சில் ஏற்றியது. அட்டை கிழிந்து பட்டர் கறை படிந்த ஒரு பிரதி, ஆங்கிலம் படித்த கொழும்பு வீடுகளில் வேத புத்தகத்துக்கு அடுத்தபடியாக இருந்தது.

சித்தி புத்தகம் பார்த்துப் பழகியவரல்லர். வெள்ளவத்தையில் அடுத்த வீட்டில் இருந்த ஒரு பறங்கி அம்மையாரிடம் பதினாறு வயதில் கற்றார். அந்தக் குடும்பம் அறுபதுகளில், எத்தனையோ பறங்கிக் குடும்பங்களைப் போல, மெல்பேணுக்குக் கப்பலேறியது. போகும்போது கேக் தட்டு ஒன்றையும் செய்முறையையும் விட்டுப்போனது. அதை எழுதிவைத்த கொப்பி 1983 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. இப்போதுள்ள கொப்பி, அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதியது. அதனால் அதில் இறாத்தலும் கிராமும் அவுன்சும் கலந்து கிடக்கும். இரண்டு இடத்தில் அளவே இல்லை; “கை சொல்லும்” என்று மட்டும் இருக்கிறது.

நான் வளர்ந்தது கொட்டாஞ்சேனையில். அங்கே எனக்கு இந்தக் கேக்கைக் கற்பித்தவர் அடுத்த வீட்டுக் கத்தோலிக்க அன்ரி. கற்பித்தார் என்றால் செய்யவல்ல, பார்க்கவும் மணக்கவும். ஒக்டோபர் கடைசியில் அவர் புறக்கோட்டைக்குப் போவார். ஐந்தாம் குறுக்குத் தெருவில் முந்திரிகை வத்தலையும் சுல்தானாவையும் ஒன்றிரண்டு பிய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். கையில் ஒட்டினால் புதியது, கல்லுப்போல் உருண்டால் போன வருஷத்தது. வீட்டுக்கு வந்ததும் வெட்டு. அதற்கென்று ஒரு சனிக்கிழமை. பாய் விரித்து, பலகை போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இஞ்சித் தோசி, பூசணித் தோசி, சௌசௌ பாணி, பாகு கட்டிய தோடம்பழத் தோல், செரி, பேரீச்சம்பழம், கஜு. எல்லாம் கத்தியால்தான், இயந்திரம் எதுவும் கிட்ட வரக்கூடாது.

இந்தக் கேக்கின் கலை வெட்டில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஒவ்வொரு துண்டும் உழுந்தைவிடப் பெரிதாகவும் கடலையைவிடச் சிறிதாகவும் இருக்கவேண்டும். பெரிதானால் பாரத்தில் அடியில் இறங்கிவிடும். கேக்கை வெட்டினால் கீழே பழம், மேலே வெறும் ரவை. மிகச் சிறிதானால் எல்லாம் களியாகி, எது இஞ்சி எது பூசணி என்று நாக்குக்குத் தெரியாது. கஜு மட்டும் ஒரு பிடி பெரிதாக விழவேண்டும், பல்லுக்கு ஒரு வேலை வேண்டுமே. இப்போதெல்லாம் பெரிய ஹோட்டல்களில் நவம்பர் வந்தால் ‘கேக் மிக்சிங்’ என்று ஒரு வைபவம் நடக்கிறது. தொப்பியும் கையுறையும் போட்டவர்கள் நீண்ட மேசையில் குவிந்த பழத்தின் மேல் போத்தல் போத்தலாக மதுவை ஊற்றி, படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். அழகான வேடிக்கைதான். ஆனால் அந்த மேசைக்கு வருமுன்பே பழத்தை வெட்டி முடித்துவிட்ட கைகள் எந்தப் படத்திலும் விழுவதில்லை.

வெட்டிய பழம் பிராண்டியிலும் தேனிலும் பன்னீரிலும் குளித்து, மூடிபோட்ட சாடியில் மூன்று வாரம் உறங்கும். இதுதான் முதல் காத்திருப்பு. இரண்டாவது ரவையினுடையது. நிறம் மாறாமல் இளஞ்சூட்டில் வறுத்த ரவையை, சூடு ஆறுமுன் பட்டரில் போட்டுக் கிளறி, மணிக்கணக்காக ஊறவிடுவார்கள். கோதுமை மாவைப்போல ரவை உடனே ஈரத்தை வாங்காது, பொறுமையாகத்தான் பருக்கும். அவசரப்பட்டுச் சுட்டால் வாயில் மணல் நெருடும். ஊறிய ரவைதான் கேக்குக்கு அந்தக் குறுகுறுத்த பதத்தைத் தருகிறது: கடித்தால் உதிர்வதுபோல் இருக்கும், ஆனால் உதிராது.

பிறகு முட்டை. சீனியும் பட்டரும் வெளுக்கும்வரை அடித்த பிறகு மஞ்சள் கருவை ஒவ்வொன்றாகச் சேர்க்கவேண்டும். பன்னிரண்டையும் ஒரே தடவையில் கொட்டினால் பட்டர் திரிந்துவிடும். மஞ்சள் கருவிலே எண்ணெயையும் நீரையும் பிணைத்துப் பிடிக்கிற லெசித்தின் என்ற ஒரு பொருள் இருக்கிறது. பழத்தின் பாகு, தேன், பன்னீர், பிராண்டி என்று இத்தனை ஈரத்தையும் முக்கால் இறாத்தல் பட்டரோடு சண்டையில்லாமல் வைத்திருப்பது அதுதான். வெள்ளைக் கரு எழும்பச் செய்யும், கூடவே உலரவும் செய்யும். அதனால்தான் பாதி வெள்ளை மட்டும், அதுவும் நுரைக்க அடித்து, கடைசியில் மெல்ல மடித்துச் சேர்ப்பது. அன்ரி வீட்டில் கரண்டி இதற்கு உதவாது. பெரிய அலுமினியப் பேசினில் முழங்கை வரை விட்டு, ஒரே பக்கமாகக் கிளறுவார். அந்த நேரம் அவருடன் யாரும் கதைக்கமாட்டார்கள்.

வாசனைச் சாமான்களில் நான் சாதிக்காயின் கட்சி. கறுவா எல்லோருக்கும் தெரிந்த வாசனை, கராம்பு கூடினால் பல் வைத்தியரை நினைவூட்டும், ஏலம் பாயாசத்துக்கு இழுத்துப்போகும். கண்டி, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் விளைகிற சாதிக்காய்க்கு மட்டும்தான் மஞ்சள் கருவின் கனத்தைத் தணித்துத் தூக்குகிற குணம் உண்டு. இதை எக்நொக் செய்தவனும் கண்டுபிடித்திருக்கிறான், கொட்டாஞ்சேனை அன்ரியும் கண்டுபிடித்திருக்கிறார். இருவரும் சந்தித்ததில்லை. தூளாக வாங்கிய சாதிக்காய் உதவாது. முழுக்காயை அப்போதே சிறு துருவலில் உரசவேண்டும். அரைக் காய்க்கு மேல் போனால் கசக்கும்.

தட்டைத் தயார்படுத்துவதும் ஒரு வேலைதான். அடியிலும் பக்கங்களிலும் ஆறு தட்டு பத்திரிகைத் தாள், அதன்மேல் பட்டர் பூசிய எண்ணெய்க் கடுதாசி. மூன்று மணித்தியாலம் சூட்டில் கிடக்கப்போகிற கேக்கின் ஓரம் கருகாமல் காப்பது அந்தத் தாள்கள்தான். எங்கள் பகுதியில் அது பெரும்பாலும் வீரகேசரி. 1930இல் தொடங்கி, பக்கத்துக் கிராண்ட்பாஸில் அச்சான பத்திரிகை. கேக்கைக் கவிழ்த்துத் தாளை உரிக்கும்போது பொன்னிறமாக வறுபட்ட செய்திகள் வெளியே வரும். போன மாதத்துத் தேர்தலும் மரண அறிவித்தலும் பட்டர் மணத்தோடு படிக்கக் கிடைக்கும்.

அன்ரி வீட்டில் மின்சார அவன் கிடையாது. அந்தக் காலத்தில் சந்தில் யாரிடமும் கிடையாது. தட்டுகள் பேக்கரிக்குப் போகும். இதில் ஒரு நுட்பம் இருந்தது. பிற்காலத்தில்தான் எனக்கு விளங்கியது. விறகு போறணை பாணுக்காகக் கடுஞ்சூட்டில் எரியும். பாண் இறங்கிய பிறகு செங்கல் மெல்ல மெல்லச் சூட்டை விடும். ரிச் கேக்குக்கு வேண்டியது அந்த இறங்குமுகச் சூடுதான், 150 பாகையை ஒட்டியது. மின்சார அவனில் முள்ளைத் திருப்பிவைத்துப் பெறுவதை, பேக்கரிக்காரர் நேரத்தைப் பார்த்துப் பெற்றார். டிசம்பர் முதல் வாரத்தில் இரவுப் பாண் இறங்கியதும் ஊர்த் தட்டுகள் உள்ளே போகும். தட்டு மாறாதிருக்க அன்ரி ஓரத்தில் ஆணியால் ஒரு சிலுவை கீறியிருந்தார். இன்னொரு வீட்டுத் தட்டில் வேல். விடியற்காலை தலையில் வைத்து எடுத்துவரும்போது சந்து முழுவதும் மணக்கும். எந்த வீட்டில் இந்த வருஷம் கராம்பு கூடிவிட்டது என்று நடைபாதையிலேயே தீர்ப்பு வந்துவிடும்.

சுட்ட கேக்கை அன்றே தின்பவன் பாதி வேலையில் எழுந்து போனவன். அப்போது அதில் எல்லாம் தனித்தனியாகக் கத்திக்கொண்டிருக்கும்: பிராண்டி தொண்டையைச் சுடும், கராம்பு நாக்கை மரக்கச் செய்யும், ரவை விலகி நிற்கும். ஆறியதும் மேலே இரண்டு கரண்டி பிராண்டி தெளித்து, எண்ணெய்க் கடுதாசியில் இறுக்கிச் சுற்றி, துணியில் கட்டி, தகரப் பெட்டியில் வைக்கவேண்டும். பழத்தின் ஈரம் ரவைக்குப் போகும், பட்டர் வாசனைகளை வாங்கிக்கொள்ளும். சீனியும் மதுவும் கெடாமல் காக்கும். மூன்று நாலு வாரத்தில் எல்லாக் குரலும் ஒரு சுருதிக்கு வந்துவிடும். மிஞ்சிய ஆறு வெள்ளைக் கருவும் வீணாவதில்லை. ஐசிங் சீனியும் அரைத்த கஜுவும் சேர்த்துப் பிசைந்தால் அதற்குப் பெயர் அல்மண்ட் ஐசிங். வாதுமை என்பது எசென்ஸ் போத்தலில் மட்டும்தான். உள்ளே மஞ்சள், வெளியே வெள்ளை: முட்டையைத் திருப்பிக் கட்டியதுபோல. ரொறன்ரோப் பிஸ்கட்டின் கட்டுமானமும் இதுதான்.

ஒரு துண்டை எப்படி மதிப்பிடுவது? முதலில் கடுதாசியைப் பாருங்கள். பிரித்த தாளில் விரல்நகமளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தால் நல்லது. தாள் முழுக்கக் கண்ணாடியானால் பட்டர் திரிந்திருக்கிறது. ஒன்றுமே இல்லாவிட்டால் கை சுருங்கியிருக்கிறது. அடுத்து வெட்டுமுகம். பழம் மேலிருந்து கீழ்வரை ஒரே நெருக்கமாக இருக்கவேண்டும். பிறகு சிறிதாகக் கடித்து, உடனே மெல்லாமல் விடுங்கள். பன்னீர் முதலில் வரும், வந்தவுடன் போய்விடும். அடுத்து தேனும் பட்டரும். மென்றால் இஞ்சியின் காரம், கஜுவின் நொறுக்கு. விழுங்கிய பிறகு, அதுவரை ஒளிந்திருந்த பிராண்டி தொண்டையில் ஒரு சிறு விளக்கை ஏற்றும். இந்த வரிசை பிசகாவிட்டால் செய்தவர் கையை வணங்கலாம். அன்ரியின் கேக் கறுத்தது, இறுகியது, கறுவாவும் கராம்பும் முன்னுக்கு நிற்கும். ஒரு துண்டுக்கு மேல் முடியாது. சித்தியின் கேக் நிறம் வெளிறியது, கஜு கூடியது, பன்னீர் வீசும். மூன்றாவது துண்டுக்குக் கை போகும். எது உயர்ந்தது என்று கேட்பவர்களிடம் கொட்டாஞ்சேனையில் ஒன்றும் வெள்ளவத்தையில் இன்னொன்றும் சொல்லிப் பிழைத்துவருகிறேன்.

இது ஊருக்குக் கஷ்டம் வந்தபோதெல்லாம் சோதனைக்கு ஆளான பண்டம். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுகி, பாணுக்கே விடியுமுன் வரிசை நின்ற காலத்தில், முந்திரிகை வத்தலுக்கு எங்கே போவது? அன்ரி பச்சைப் பப்பாசியை வெட்டிப் பாகில் போட்டார், பூசணித் தோசியைக் கூட்டினார், கஜுவைக் கொண்டு மானத்தைக் காத்தார். அந்த வருஷங்களின் கேக்கில் இஞ்சி வழக்கத்தைவிடத் துல்லியமாகத் தெரிந்ததாக என் நாக்கு இன்னும் சொல்கிறது. 2021 டிசம்பரில் எரிவாயுச் சிலிண்டர்கள் வெடித்த செய்திகள் வந்தபோது அடுப்பைப் பற்றவைக்கவே ஊர் பயந்தது. 2023இல் பேக்கரிகளுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். அந்த வருஷம் சித்தி பன்னிரண்டை எட்டாகக் குறைத்தார். குறைத்ததை யாருக்கும் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் அனுப்பும் துண்டை இன்னும் சிறிதாக வெட்டினாரேயொழிய, அனுப்பும் வீடுகளின் பட்டியலில் ஒரு பெயரையும் வெட்டவில்லை.

அனுப்புவதுதான் இதன் பிறவிப் பயன். சுட்ட வீட்டில் மிஞ்சுவது சொற்பம். துண்டுகளை எண்ணெய்க் கடுதாசியிலும் மினுங்கும் நிறத் தாளிலும் சுற்றி, பீங்கானில் அடுக்கி, மேலே துவாய் போட்டு, நத்தார்க் காலையில் பிள்ளைகள் கையில் வீடு வீடாக அனுப்புவார்கள். எங்கள் சந்தில் முஸ்லிம் வீட்டுக்குப் போகிற துண்டு பிராண்டி படாத தனித் தட்டிலிருந்து வரும். நோன்புப் பெருநாளில் அங்கிருந்து வட்டலப்பம் திரும்பும். எங்கள் வீட்டுப் பொங்கல் அன்ரி வீட்டுக்குப் போகும். வெறும் பீங்கான் திரும்பிய சரித்திரம் இல்லை. செவ்வாய்க்கிழமையென்றால் அம்மாவும் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் மெழுகுதிரி கொளுத்துவார், அதே தெருவழியே பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்கும் போவார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டிய கோயில் அது.

சிக்கல் மார்கழியில். கார்த்திகைப் பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கும் பிள்ளையார் பெருங்கதை இருபத்தொரு நாள். அது முடிந்து மூச்சுவிடுமுன் திருவெம்பாவை பத்து நாள். திருவாதிரை வரை எங்கள் வீட்டில் மச்சமும் இல்லை, முட்டையும் இல்லை. அந்தத் திருவாதிரை டிசம்பர் நடுவுக்கும் ஜனவரி நடுவுக்கும் இடையில் ஆடி அசைந்து வரும். நத்தாருக்கு வருகிற கேக்கிலோ பன்னிரண்டு மஞ்சள் கரு. வேறு எந்தக் கேக்கானாலும் நன்றி சொல்லி யாருக்காவது கொடுத்துவிடலாம். இதற்குத்தான் காத்திருக்கத் தெரியுமே. அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவார். திருவாதிரைக் களி தின்ற அன்று பின்னேரம், தேத்தண்ணியோடு அது பிரிபடும். அன்ரிக்கும் இது தெரியும். எங்கள் வீட்டுப் பொட்டலத்தில் மட்டும் கூடுதலாக ஒரு தட்டுக் கடுதாசி சுற்றியிருக்கும்.

எனக்கு ஏழு வயது. அந்த வருஷம் திருவாதிரை ஜனவரிக்குள் போய்விட்டது. மேல்தட்டிலிருந்து மணம் இறங்கி இறங்கி வந்தது. ஒரு மத்தியானம் அம்மா தூங்கும்போது கதிரையில் ஏறினேன். ஒரு துண்டைப் பிரித்துத் தின்றேன். தின்ற பிறகுதான் வெறும் தாளைக் கண்டு நடுங்கினேன். அடுப்படியில் கிடந்த நெருப்புப் பெட்டியை எடுத்து எண்ணெய்க் கடுதாசியில் வைத்து, அன்ரியின் மடிப்பு மாறாமல் சுற்றி, சிவப்புத் தாளும் சுற்றித் திரும்ப வைத்தேன். அளவு அச்சொட்டாகப் பொருந்தியது. திருவாதிரை அன்று பின்னேரம் அம்மா அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். பிரித்தார். பார்த்தார். குலுக்கிப் பார்த்தார். அடிக்கவில்லை. நெருப்புப் பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டு வந்து, தன் தேத்தண்ணியை வெறுமனே குடித்தார். அடி விழுந்திருந்தால் நான் மறந்திருப்பேன்.

அம்மாவும் அன்ரியும் வேலிக்கு மேலால் என்ன கதைத்தார்களோ தெரியாது. அடுத்த நத்தாருக்குப் பீங்கான் வந்தபோது துவாய்க்கு அடியில் வழக்கமான பொட்டலம் இருந்தது, கூடுதல் கடுதாசியோடு. அதற்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டுத் தாளில் லேசாகச் சுற்றிய சின்னத் துண்டு ஒன்று. மேலே பென்சிலால் எழுதியிருந்தது: “தம்பிக்கு. இப்பவே.”